கப்பல் பார்க்கப் போனோம்

தேன்மொழி, போன ஞாயிற்றுக்கிழமை நீயும் உன்னோடு கடற்படைப் பயிற்சி முடித்த மூன்று பேரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். நாலு பேரும் அடுத்த மாதம் கப்பலில் ஏறப் போகிறவர்கள். கை கழுவும்போது அந்தக் கண்ணாடி போட்ட பெண் கேட்டாள்: "அங்கிள், நீங்க ஃபாரினுக்குப் போயி போர்க்கப்பலே வாங்கிட்டு வந்தீங்களாமே? தேனு சொன்னா."

சிரித்துவிட்டேன். பதில் சொல்லத் தொடங்குவதற்குள் ஜங்ஷனில் உங்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

கப்பலை வாங்கியது நாடு. நான் தட்டிப் பார்த்தவன், அவ்வளவுதான். அந்தத் தட்டலிலும் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பைத்தான் எழுதப் போகிறேன். நான் நன்றாகச் செய்ததையெல்லாம் அம்மாவிடம் கேட்டுக்கொள், அவளுக்கு மனப்பாடம்.

நம்மிடம் கடல் பெரிசு, கப்பல் கம்மி. நம் கட்டுதளத்தில் ஒரு போர்க்கப்பல் உருவாக வருடக்கணக்கில் ஆகும். அதுவரை கடல் காத்திருக்காது. அதனால் வேறு நாடுகள் ஓய்வு கொடுக்க இருக்கும் கப்பல்களில் நமக்கு உதவுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போகிற மாதிரிதான். ஆனால் காபியைக் குடித்துவிட்டு, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து வர முடியாது. உள்ளே நுழைந்து குழாய் குழாயாகப் பார்க்க வேண்டும்.

தேன்மொழி, நீ பிறப்பதற்கு முந்தைய வருடம் அப்படி ஒரு குழு புறப்பட்டது. மொத்தம் ஆறு பேர். தலைவர் ஒரு இன்ஜினியர் அதிகாரி, வடநாட்டுக்காரர். அவருக்குக் கீழே எங்கள் சீஃப், தூத்துக்குடிக்காரர். பீரங்கி, கப்பலின் உடம்பு இவற்றைப் பார்க்க இரண்டு பேர். பாய்லர் அறைக்கு நானும் ஜாபரும். ஜாபரை உனக்குத் தெரியும், மங்கலம்பேட்டை மாமா. அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் இருபத்தேழு வயது.

என்னை ஏன் சேர்த்தார்கள் என்றால், அந்தக் கப்பல் நீராவியில் ஓடுவது. பாய்லருக்குள்ளே தீ எரிகிற அறையின் சுவர், தரை எல்லாம் தீச்செங்கல். சீஃப் அதிகாரியிடம் சொன்னாராம்: "சார், இவன் பீங்கான் ஊர்க்காரன். கல்லைத் தட்டினாம்னா அதோட சாதகத்தையே சொல்லிருவான்."

சாதகமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் கடற்படையில் சேருவதற்கு முன்னால் இரண்டு வருடம் நம் ஊரில் ஒரு பீங்கான் கம்பெனியில் தட்டிப் பார்க்கும் வேலை செய்தேன். சூளையிலிருந்து வெளியே வந்து ஆறிய சரக்கை விரல் முட்டியால் தட்ட வேண்டும். கணீர் என்றால் நல்லது. மொத்தையாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது. ஒரு சரக்கை இரண்டு பேர் தட்டுவோம். முதலில் தட்டுகிறவர் தான் என்ன கேட்டோம் என்று இரண்டாவது ஆளுக்குச் சொல்லவே கூடாது. முகத்தில்கூடக் காட்டக் கூடாது. என் எதிரே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா உட்காருவாள். நான் ஒரு நாள் ஏதோ முனகிவிட்டேன். "டேய், வாய மூடிக்கினு தட்டு. உன் காதை என் காதுல வெச்சு உடாத" என்றாள். சொல்லிவிட்டால் இரண்டாவது ஆள் தட்டுவது சும்மா சடங்கு. அந்தக் கம்பெனிக் கொட்டகையில் அது சட்டம்.

அந்தக் குளிர் நாட்டுத் துறைமுகத்தில் நாங்கள் இறங்கியபோது காலை பத்து மணி. ஊர் முழுக்கப் பனிமூட்டம். எங்கே கப்பல் என்று தேடிக்கொண்டே நடந்தோம். எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு நீளமான சுவர். ஏதோ சரக்குக் கிடங்கு என்று நினைத்தேன்.

ஜாபர் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாப்ள, அந்த செவுத்துல நங்கூரம் தொங்குது பாரு."

அண்ணாந்து பார்த்தேன். சுவர் மேலே போய்க்கொண்டே இருந்தது. அதன் உச்சியில் பனிக்குள் பாதி மறைந்து பீரங்கி, அதற்கும் மேலே கோபுரம் போலக் கம்பங்கள். பிள்ளைகளே, நான் அதற்கு முன்னால் எட்டு வருடம் கப்பலில் இருந்தவன். இருந்தும் அது மனுஷன் செய்த பொருள், அது மிதக்கிறது, அதை எங்களைப் போன்ற ஆட்களை நம்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்பதை எல்லாம் ஒரே நேரத்தில் நினைக்க என் தலையில் இடமில்லை.

"இதை நம்மூருக்கு எப்படிடா கொண்டுட்டுப் போறது?" என்றேன்.

"திட்டக்குடி பஸ்ஸுல கூட்டம் கம்மியாத்தான் இருக்கும், ஏத்தி வுட்டுடலாம்" என்றான் ஜாபர். ஆனால் அவன் குரலும் இறங்கித்தான் இருந்தது.

எங்களுக்கு மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மதியத்துக்குள் எங்கள் அதிகாரி வேண்டும் அல்லது வேண்டாம் என்று டெல்லிக்குச் சொல்ல வேண்டும். இன்னொரு நாட்டுக் குழுவும் அதே கப்பலுக்காக வந்து காத்திருந்தது. வாங்கினால், கப்பலை ஓட்டி வரும் முதல் குழுவில் பாய்லர் அறைக்கு நானும் ஜாபரும்தான் என்று முன்பே எழுதியாகிவிட்டது. நாங்கள் நிற்கப் போகிற இடத்தைத்தான் நாங்களே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாய்லர் அறையில் எங்களுக்கு விளக்குப் பிடிக்க அந்த நாட்டு ஆள் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். நல்ல உயரம், மஞ்சள் மீசை. பெயர் கேட்டோம், எங்கள் நாக்கில் நிற்கவில்லை. மீசைக்காரர் என்று வைத்துக்கொண்டோம். அந்த பாய்லர்களுக்குத் தீ மூட்டுவதே அவருடைய வேலை, பல வருடமாக. அவருக்கு நம் பாஷை தெரியாது. அளவு காட்டும் கண்ணாடி ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டுத்தான் போவார்.

முன்பக்க பாய்லரை முதல் நாள் பார்த்தோம். குறையில்லை. பின்பக்க பாய்லர் இரண்டாம் நாள் காலையில். நான் முதலில் நுழைந்தேன். ஆள் படுத்து ஊர்ந்து போகிற அளவுக்குத்தான் வாசல். உள்ளே போய் விளக்கைத் தூக்கிக் காட்டியதும் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

நம் ஊர்ச் சூளைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. அதே கல், அதே வெந்த வாசனை. ஆனால் ஒரு பக்கம் முழுக்க இரும்புக் குழாய்கள், மூங்கில் தோப்பு மாதிரி நெருக்கமாக, மேலே இருட்டுக்குள் போகின்றன. நம் சூளைத் தீ கோப்பையைச் சுடும். இங்கே எரிந்த தீ அந்தச் சாம்பல் சுவர் முழுவதையும் கடல் கடலாக நகர்த்தியிருக்கிறது. தரையில் கை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பிரமிப்போடுதான் தட்டினேன். கணீர், கணீர், கணீர். இடது பக்கம் தரையும் சுவரும் சேரும் மூலையில் இரண்டு கல் கொஞ்சம் மொத்தையாகக் கேட்டது. திரும்பத் தட்டினேன். அப்படியேதான் இருந்தது. 'இவ்வளவு பெரிய கப்பலில் மூலைக் கல் அப்படித்தான் கேட்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தால் வரிசையாக ஆட்கள். எங்கள் அதிகாரி, சீஃப், அந்த நாட்டு இன்ஜினியர், மொழிபெயர்க்கிறவர், மீசைக்காரர். எல்லார் கண்ணும் என் வாயில். "எப்படி இருக்கிறது?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார். நான் கரி அப்பிய முகத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு, "கணீர்னு இருக்குது சார்!" என்றேன். தமிழிலேயே சொன்னேன். அதை மொழிபெயர்க்கத் தேவையே இல்லை, எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து ஜாபர் நுழைந்தான். எனக்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டான். "ஆமா சார், நல்லா இருக்குது." சீஃப் புத்தகத்தில் ஏற்றினார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த பாய்லரில் தீ மூட்டி நீராவி ஏற்றிக் காட்டுவதாக முடிவாயிற்று.

மதியம் அவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் டீ கொடுத்தார்கள். வெள்ளைக் கோப்பை. கை சும்மா இருக்காமல் தட்டினேன்.

"பீங்கான்காரன் புத்தி போவுதா பாரு" என்றான் ஜாபர். "குடிடா, உடஞ்சா நம்ம ஊருலேருந்து அனுப்பி வெக்கலாம்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "மாப்ள, உள்ள இடது மூலையில ரெண்டு கல்லு, கீழ. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எந்த மூலை?"

"தரையும் செவுரும் சேருதுல்ல, அங்க."

"அங்கெல்லாம் நான் எங்கடா போனேன்? அதான் நீயே கணீர்னு இருக்குதுன்னு கத்துனியே. நடுவுல நாலு தட்டு தட்டிட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "ஏன், கணீர்னு இல்லியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் சொன்னான்: "அடப்பாவி. கப்பல வாங்குனா அது முன்னாடி நிக்கப் போறது நீயும் நானும்டா."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஜாபர் சோம்பேறி இல்லை. என் காதை அவன் காதில் வைத்தது நான்தான். பெரிய பொருளைப் பார்த்து மலைப்பது தப்பில்லை, நானும் இன்றுவரை மலைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மலைத்துப்போனவனுக்கு, தான் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை வரும். உங்களுக்கும் வரும். அந்த ஆசை எப்போது வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

சீஃபைத் தேடிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிடுசிடுத்தார்.

"ஏலே, புஸ்தகத்துல ஏத்தியாச்சு. இப்ப வந்து மொத்தைன்னு சொல்லுத. எத்தன கல்லுல?"

"ரெண்டு, சீஃப்."

"மத்ததெல்லாம் நல்லாருக்கு, ரெண்டு மட்டும் மொத்தை. நான் சாருட்ட போயி என்னன்னு சொல்லட்டும்?"

"நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க. எந்த எடம்னு..."

"நிறுத்து. எடத்தச் சொல்லாத. இனி ஒருத்தர்ட்டயும் சொல்லாத." புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீயே வந்து சொல்லு. வாயி ஒன்னோடதுதான?"

அதிகாரி ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வெளியே அந்த இன்னொரு நாட்டுக் குழு கப்பலை அண்ணாந்து பார்த்தபடி கரையில் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் கேட்டார்: "கல்லில் விரிசல் என்று உறுதியாகத் தெரியுமா?"

"விரிசல்னு உறுதி இல்லை சார். என் காதில் கேட்டது உறுதி. கேட்டதைச் சொல்லாமல் விட்டதும் உறுதி."

திட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்றார். என்னிடம் கேட்கிறார்! பின்னால் திரும்பிப் பார்த்தேன், சீஃபைக் கேட்கிறாரோ என்று.

கொட்டகைச் சட்டத்தைச் சொன்னேன். தட்டத் தெரிந்த வேறு ஆள் தட்ட வேண்டும். மாறிக் கேட்கிற இடத்தைச் சீட்டில் குறித்து மடித்துக் கொடுக்க வேண்டும். யார் சீட்டையும் யாரும் பார்க்கக் கூடாது. நான் என் சீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

"ஜாபரை அனுப்பலாமா?"

வாசலில் நின்ற ஜாபர் தலையை ஆட்டினான். "எனக்கு எடம் தெரிஞ்சுபோச்சு சார். நான் போனா அது கள்ள ஆட்டம்."

சீஃப் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். அந்த வாசலில் அவர் பாதிதான் நுழைவார். மற்ற இருவருக்கும் பாய்லர் பழக்கமில்லை. "எனக்கும் இரண்டு காது இருக்கிறது" என்றார் அதிகாரி. "ஆனால் தெரிந்த காது இன்னொன்று வேண்டும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே பாய்லர் அறையில் நின்றோம். அந்த நாட்டு இன்ஜினியர் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டார். கல் எந்தக் கப்பலிலும் தேய்கிற பொருள், மாற்றிக்கொள்ளலாம், ஒன்பது மணிக்குத் தீ மூட்டியாக வேண்டுமே என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் அதிகாரி ஆமாம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டே பதவி காட்டும் தோள் பட்டையைக் கழற்றிச் சீஃபிடம் கொடுத்தார். பழைய நீல உடுப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு படுத்து ஊர்ந்து உள்ளே போய்விட்டார். ஒரு கப்பலையே வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர், முழங்காலில் கரி பூசிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தட்டும் சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்டது. இருபது நிமிடம். வெளியே வந்து சீட்டை மடித்துச் சீஃபின் தொப்பிக்குள் போட்டார்.

பிறகு அவர் மொழிபெயர்ப்பாளரிடம், மீசைக்காரரும் தட்டிப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டார். இன்ஜினியரின் புன்னகை அப்போதுதான் மாறியது. விற்கிறவர்களின் ஆள் எப்படி வாங்குகிறவர்களுக்காகத் தட்டுவது? அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மீசைக்காரர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, சீட்டுக்காகக் கையை நீட்டிவிட்டார்.

அவர் உள்ளே அரை மணி நேரம் இருந்தார். தட்டும் சத்தம் சீராக வந்தது. ஒரு இடத்தில் நின்றது. மறுபடி தட்டியது. மறுபடி நின்றது. ஜாபர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், எனக்கு வலித்தது, விடச் சொல்லவில்லை.

சீஃப் மூன்று சீட்டையும் ஒரு பெட்டியின் மேல் விரித்தார். அதிகாரி நான்கு இடத்தைக் குறித்திருந்தார், பழகாத காது. அந்த நான்கில் ஒன்று அந்த இடது மூலை. என் சீட்டில் அதே மூலை, இரண்டு கல். மீசைக்காரர் சீட்டிலும் அதே மூலை, அதே இரண்டு கல். ஆனால் அவர் கல்லைச் சுற்றி வட்டம் போடவில்லை. கல்லுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்திருந்தார்.

இன்ஜினியர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டார். மீசைக்காரர் இரண்டே வார்த்தை சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கி எங்களிடம் திரும்பினார்: "கல் நன்றாக இருக்கிறது. பின்னால்தான் நன்றாக இல்லை என்கிறார்."

இரண்டு கல்லையும் பெயர்த்தார்கள். ஒன்றைக் கையில் வாங்கித் தட்டினேன். கணீர் என்றது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்டது விரிசலே இல்லை. கல்லுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பூச்சு கரைந்து வெறும் பொந்து. ஈரம். அதற்கும் பின்னால் தண்ணீர் ஓடும் பெரிய இரும்புக் குழாய், துரு தின்று கருத்துப்போய் இருந்தது. சீஃப் கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது.

"கர்த்தரே" என்றார் சீஃப்.

நீராவி முழு அழுத்தத்துக்கு ஏறியிருந்தால் அந்தக் குழாய் தாங்கியிருக்காது. தீ மூட்டுகிறவர் நிற்கும் இடம் அதற்கு மூன்று அடி தூரத்தில். பின்னாளில் பல பேர் என்னிடம் சொன்னார்கள், அந்த மீசைக்காரருக்கு முன்பே தெரிந்திருக்கும், மறைத்திருப்பார் என்று. நான் ஒத்துக்கொள்வதில்லை. அன்று ஒன்பது மணிக்குத் தீ மூட்ட நிற்க வேண்டியவர் அவர்தான். அவருக்குத் தெரியாது. அந்த உள்சுவரை அதுவரை யாரும் அவரைத் தட்டச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டதும் தட்டினார், காதில் கேட்டதைத் தன் மேலதிகாரி முன்னாலேயே வரைந்து கொடுத்தார். அவ்வளவு பெரிய கப்பலைப் பார்த்தபோது எனக்கு வந்த பிரமிப்பு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது, அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தபோது.

மதியம் எங்கள் அதிகாரி டெல்லிக்குச் சொன்னது: கப்பல் வேண்டும், ஆனால் அந்தக் குழாயை மாற்றி, அதை நாங்கள் வந்து பார்த்த பிறகு. இன்ஜினியர் அந்தச் சீட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கை கொடுத்தார். அந்தக் குழாயைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இன்னொரு நாட்டுக் குழு வேறு கப்பலைத் தேடிப் போய்விட்டது. என் வேலை போய்விடும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். அதிகாரி என் பேரில் எழுதிய குறிப்பில் ஒரே வரிதானாம், சீஃப் பிறகு சொன்னார்: 'தவறாகச் சொன்னான், தானே வந்து திருத்தினான்.'

எட்டு மாதம் கழித்து மறுபடி போனோம், இந்த முறை கப்பலை ஓட்டி வர முழு ஆட்களோடு. புதுக் குழாய், புதுப் பூச்சு. நானும் ஜாபரும் தனித்தனியாக நுழைந்து, வாயைத் திறக்காமல் தட்டினோம். இரண்டு சீட்டும் வெற்றுச் சீட்டு.

அன்று மேல்தளத்தில் அவர்கள் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றினார்கள். கீழே எங்களுக்கு வாத்தியச் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. மீசைக்காரர் அப்போது மேலே தன் ஆட்களோடு அணிவகுப்பில் நின்றிருக்க வேண்டும். ஆனால் எங்களோடு பாய்லர் அறையில் நின்றார். கொடி மாறிவிட்டது, அவருக்கு இனி அங்கே வேலை எதுவுமில்லை. ஜாபர் தீ மூட்டினான். நான் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறியது. பாதி. முக்கால். முழு அழுத்தத்துக்கு வந்து நின்றது.

மீசைக்காரர் இடது பக்கம் போய்க் குனிந்தார். அந்த மூலைக்கு நேர் வெளிப்பக்கம், பாய்லரின் இரும்பு உடம்பில் வெறும் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தன் கை இருந்த இடத்தில் என் கையை வைத்தார். கை தாங்கும் சூடு. உள்ளே தீ இரைகிற அதிர்வு, சீராக, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல்.

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறிப் போனார். காலடிச் சத்தம் மேலே மறையும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.